கிளைவிடும் கதை எழுதும் முன்: திட்டமிடல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாசகரின் தேர்வுக்கு ஏற்ப வழி மாறும் கதையை எழுத ஆசைப்பட்டு, மூன்றாவது பிரிவுக்குள்ளேயே சிக்கி நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பலர் கேட்டவை, நானே என்னிடம் கேட்டுக்கொண்டவை இரண்டும் இதில் இருக்கின்றன.

இதைக் "கிளைக்கதை" என்று சொல்லலாமா?

சொன்னால் குழப்பம் வரும். தமிழில் கிளைக்கதை என்றால் பெருங்கதைக்குள் வரும் சிறுகதை. மகாபாரதத்துக்குள் நளன் கதை வருகிறதே, அது மாதிரி. அங்கே கேட்பவர் எதையும் தேர்ந்தெடுப்பதில்லை. அதனால் இங்கே "கிளைவிடும் கதை" என்றே சொல்கிறேன். ஒரு தேர்வுக்கும் அடுத்த தேர்வுக்கும் நடுவில் படிக்கும் பகுதி "துண்டு". பிரிந்த வழிகள் மறுபடி வந்து கூடும் துண்டு "சந்தி". இந்தப் பக்கத்துக்கு இந்த இரண்டு சொற்கள் போதும்.

திட்டம் கட்டாயமா? போகிற போக்கில் எழுதினால் என்ன?

நேர்கோட்டுக் கதையைப் போகிற போக்கில் எழுதலாம், பலர் நன்றாகவே எழுதுகிறார்கள். கிளைவிடும் கதையில் கணக்கு இடிக்கும். கதை முழுக்கப் 10 இடங்களில் தேர்வு, ஒவ்வொன்றிலும் இரண்டே வழி, எந்த வழியும் இன்னொன்றோடு சேராது என்று வையுங்கள். 1,024 முடிவுகள் வரும். மொத்தத் துண்டுகள் 2,047. துண்டுக்கு 200 சொல் என்றாலும் நான்கு லட்சம் சொற்களுக்கு மேல் எழுத வேண்டும். அதில் ஒரு வாசகர் ஒருமுறை படிப்பது 11 துண்டு, அதாவது 2,200 சொல்.

அதே 10 தேர்வுகளை, ஒவ்வொரு பிரிவுக்குப் பிறகும் இரு வழிகளும் ஒரு சந்தியில் கூடுகிற மாதிரி அமைத்துப் பாருங்கள். தேர்வு நடக்கும் துண்டுகள் 10, பிரியும் துண்டுகள் 20, முடிவு 1. மொத்தம் 31 துண்டுகள், 6,200 சொற்கள். வாசகர் படிப்பதோ 21 துண்டுகள். முன்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு.

இந்த இரண்டு கணக்கையும் நீங்களே ஒருமுறை தாளில் போட்டுப் பாருங்கள். திட்டமிடல் என்றதும் எல்லோரும் கிளைகளைத்தான் வரைய உட்காருகிறார்கள். வரைய வேண்டியது சந்திகளை. கிளை தானாக முளைக்கும். சந்தியை நாம்தான் கட்ட வேண்டும்.

சரி, முதலில் எதைத் தீர்மானிப்பது?

கதை வாசகரிடம் கேட்கும் ஒரே கேள்வியை. கதையின் கருவுக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. "நேர்மை" என்பது கரு. "ஆதாரமே இல்லாமல் ஒருவர் சொல்வதை எவ்வளவு தூரம் நம்பலாம்?" என்பது கேள்வி. கேள்வி கையில் இருந்தால்தான் எந்தத் தேர்வு கதைக்குள் வர வேண்டும், எது வேண்டாம் என்று சொல்ல முடியும்.

ஒரு கதையை எடுத்துக்கொள்வோம். கடைசிவரை இதையே உதாரணமாக வைக்கிறேன். நீங்கள் ஒரு பழைய நூலகத்தின் இரவுக் காவலர். நள்ளிரவில், பூட்டிய ஆவண அறைக்குள்ளிருந்து யாரோ கதவைத் தட்டுகிறார்கள். உள்ளே இருப்பது பன்னிரண்டு வயதுப் பையன். அங்குள்ள ஒரு பதிவேட்டில் தன் தாத்தாவின் பெயர் இருப்பதாகவும், விடிந்ததும் கண்காணிப்பாளர் அதை அழித்துவிடப் போவதாகவும் சொல்கிறான். நம்புவீர்களா?

கேள்வி கிடைத்ததும் முடிவுகளை ஆளுக்கொரு வரியில் எழுதிவிடுங்கள். இந்தக் கதைக்கு மூன்று: பதிவேடு தப்பியது, பையன் பிடிபட்டான்; பையன் தப்பினான், பதிவேடு போயிற்று; இரண்டும் தப்பின, உங்கள் வேலை போயிற்று. மூன்றுமே "நம்பினீர்களா, எவ்வளவு?" என்ற கேள்விக்கான பதில்கள். இந்தக் கேள்விக்குப் பதிலாக அமையாத முடிவு ஒன்று மனதில் வந்தால் அது வேறொரு கதைக்குச் சொந்தம். எழுதி எடுத்து வையுங்கள், இங்கே வேண்டாம்.

அடுத்தது சந்திகள். வாசகர் எந்த வழியில் வந்தாலும் கடந்தே ஆக வேண்டிய இடங்கள். இதில் இரண்டு: நீங்களும் பையனும் நேருக்கு நேர் நிற்கும் இடம், கண்காணிப்பாளரின் வண்டி வாசலில் வந்து நிற்கும் இடம். தொடக்கம், இரண்டு சந்திகள், மூன்று முடிவுகள். கதையின் எலும்புக்கூடு ஆறே துண்டுகளில் நின்றுவிட்டது. கிளைகளைப் பற்றி இதற்குப் பிறகு யோசித்தால் போதும்.

வழிகள் மறுபடி சேர்ந்துவிட்டால் வாசகரை ஏமாற்றியது ஆகாதா?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இது. கேட்பவர்களின் கவலையும் நியாயமானது. எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒன்றுதான் என்று தெரிந்த நொடியில் வாசகர் கையை விட்டுவிடுவார்.

1967இல் மான்ட்ரியல் உலகக் கண்காட்சியின் செக்கோஸ்லோவாக்கிய அரங்கில் ராடூஸ் சின்செரா உருவாக்கிய கினோஆட்டோமாட் என்ற திரைப்படம் காட்டப்பட்டது. பார்வையாளர்கள் இருக்கையில் இருந்த பச்சை, சிவப்புப் பொத்தான்களை அழுத்தி, அடுத்து என்ன நடக்க வேண்டும் என்று வாக்களிப்பார்கள். எந்தப் பக்கம் வென்றாலும் அந்தக் காட்சி அடுத்த வாக்கெடுப்புக்கு வந்து சேரும்படி கதை கட்டப்பட்டிருந்தது. ஒருமுறை பார்ப்பவருக்கு அது தெரியாது. ஆனால் வாசகர் திரும்பப் படிப்பார். திரும்பிப் போய் வேறு வழியை அழுத்திப் பார்ப்பதே இந்த வகையின் இன்பம். ஆகவே வெறுமனே சேர்த்தால் போதாது. சேர்ந்த இடம், வந்த வழியை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

நம் நூலகத்துக்கு வருவோம். தட்டும் சத்தம் கேட்டதும் மூன்று வழிகள்: கதவைத் திறக்கலாம், கண்காணிப்பாளருக்குப் போன் செய்யலாம், வெளியே சுற்றிப் போய் ஜன்னல் வழியாகப் பார்க்கலாம். மூன்றும் பையன் நேரில் நிற்கும் சந்தியில்தான் போய்ச் சேருகின்றன. சந்தியின் முதல் வரி எல்லோருக்கும் பொது:

"மேசை விளக்கின் வெளிச்சத்தில் பையன் நிற்கிறான். கையில் ஒரு பதிவேடு."

இரண்டாவது வரி மட்டும் மாறும். கதவைத் திறந்தவருக்கு: "அதை உங்கள் பக்கம் நீட்டுகிறான்." போன் செய்தவருக்கு: "அதை முதுகுக்குப் பின்னால் மறைக்கிறான். 'நீங்க போன்ல பேசினது கேட்டுச்சு' என்கிறான்." ஜன்னலில் பார்த்தவருக்கு: "அவன் கண்கள் உங்கள் டார்ச்சை விட்டு நகரவில்லை."

கூடுதலாக எழுதியது மூன்றே வரி. ஆனால் வாசகருக்குக் கிடைத்தது மூன்று வேறு பையன்கள். இதற்கு மேலும் ஒன்று செய்யலாம். போன் செய்ததன் முழு விளைவை இந்தச் சந்தியில் காட்டாமல் அடுத்த சந்திவரை தள்ளி வையுங்கள். விடியும் நேரம் கண்காணிப்பாளர் வருகிறார். முன்பே விஷயம் தெரிந்தவர் என்பதால் கூட இரண்டு ஆட்களோடு வருகிறார். வாசகர் அந்தப் போனை மறந்தே போயிருப்பார். "அடடா, நான்தானே சொன்னேன்" என்று அவருக்கு உறைக்கும் இடம் அது. உடனே வரும் விளைவைவிட இப்படித் தாமதித்து வரும் விளைவுதான் அவர் மனதில் நிற்கும்.

எந்த மாதிரி வடிவங்கள் இருக்கின்றன?

தேர்வுக் கதைகளின் வடிவங்களை 2015இல் சாம் கபோ ஆஷ்வெல் வகைப்படுத்திக் காட்டினார். எதுவும் சேராமல் விரிந்துகொண்டே போகும் மரம். ஒரே நேர்வழியும் அதிலிருந்து வெளியேறும் சிறு முட்டுச்சந்துகளும். பிரிந்து பிரிந்து கூடுவது. ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வந்து ஒவ்வொரு முறையும் புதிய வழி திறப்பது என்று பல உண்டு. முதல் கதைக்குப் பிரிந்து கூடுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். விரிந்து போகும் மரம் மிகச் சிறிய கதைக்கு அழகு. ஐந்து தேர்வுக்குள் அடங்கும் கதை என்றால் 32 முடிவு, 63 துண்டு. பொறுமை உள்ளவர் எழுதிவிடலாம்.

நினைவில் வைக்க வேண்டியதை எப்படிக் குறிப்பது? எத்தனை வைக்கலாம்?

வந்த வழிக்கு ஏற்ப மதிப்பு மாறும் இந்தக் குறிப்பை நிரல் எழுதுபவர்கள் மாறி என்பார்கள். ஆம்/இல்லை என்று மட்டும் பதில் சொல்லும் மாறியைக் குறி என்று வைத்துக்கொள்வோம். "கண்காணிப்பாளருக்குத் தெரியும்" என்பது ஒரு குறி. "பையன் நம்புகிறான்" என்பது இன்னொன்று.

கிளைகளை அடக்கிவிட்டோம் என்ற நிம்மதியில் குறிகளை அள்ளிப் போடுகிறவர்கள் உண்டு. பத்துக் குறிகள் இருந்தால் அவை கூடி நிற்கும் விதங்கள் மறுபடியும் 1,024. வாசல் வழியாகத் துரத்திய பூதம் ஜன்னல் வழியாக வந்துவிட்டது! சிறுகதை அளவுக்கு மூன்று, நான்கு குறிகளுக்கு மேல் வேண்டாம்.

ஒவ்வொரு குறிக்கும் ஒரு வரி எழுதுங்கள்: எங்கே மாறுகிறது, எங்கெல்லாம் கேட்கப்படுகிறது. "கண்காணிப்பாளருக்குத் தெரியும்: முதல் தேர்வில் மாறுகிறது, முதல் சந்தியில் ஒரு வரி, இரண்டாவது சந்தியில் ஒரு காட்சி." மாறிய பிறகு எங்குமே கேட்கப்படாத குறி வீண். ஒரே இடத்தில் மட்டும் கேட்கப்படுவது பெரும்பாலும் தேவையில்லாதது. நான் இரண்டு இடங்களாவது இருந்தால்தான் வைத்துக்கொள்கிறேன்.

மதிப்பெண் வகை மாறிகளில், அதாவது "நம்பிக்கை 5" போன்றவற்றில், கூடுதல் எச்சரிக்கை வேண்டும். நல்ல முடிவுக்கு 5 வேண்டும் என்று வைத்திருப்பீர்கள். ஜன்னல் வழியில் போனவருக்கு மொத்தமே 4தான் கிடைக்கக்கூடும். அந்த முடிவு அவருக்கு முதல் பக்கத்திலேயே மூடிவிட்டது. உங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. ஒவ்வொரு வழியிலும் அதிகபட்சம் எவ்வளவு கிடைக்கும் என்று எழுதத் தொடங்கும் முன்பே கூட்டிப் பாருங்கள்.

நல்ல தேர்வுக்கு என்ன அடையாளம்?

எதைப் பணயம் வைக்கிறோம் என்று வாசகருக்குத் தெரிய வேண்டும். என்ன கிடைக்கும் என்பது முழுதாகத் தெரியக் கூடாது. "இடப்பக்கம் போகிறீர்களா, வலப்பக்கம் போகிறீர்களா?" என்பது காசு சுண்டுவது போல, அதில் வாசகரின் மனசு இல்லை. "காயம்பட்டவருக்கு உதவுவது / விட்டுவிட்டுப் போவது" என்பதும் பலவீனம்தான், முக்கால்வாசிப் பேர் என்ன அழுத்துவார்கள் என்று தெரிந்ததே. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கும் இடத்தைத் தேடுங்கள். கண்காணிப்பாளருக்குச் சொல்வது உங்கள் வேலை. சொல்லாமல் இருப்பது பையனுக்குத் தரும் வாய்ப்பு. இரண்டுமே சரி என்பதால்தான் வாசகரின் விரல் ஒரு கணம் நிற்கிறது.

தாளில் வரைவதா, கருவியில் வரைவதா?

முதலில் தாள். கெட்டி அட்டைகள் கிடைத்தால் இன்னும் நல்லது. தரையில் பரப்பி நகர்த்தலாம், கிழித்துப் போட மனசு வரும். அட்டைக்கு ஒரு துண்டு, ஐந்தே விவரங்கள். நூலகக் கதையின் ஓர் அட்டை இப்படி இருக்கும்:

பெயர்: ஜன்னல். எங்கிருந்து: தட்டும் சத்தம். நடப்பது: சுற்றிப் போய் டார்ச் அடிக்கிறீர்கள், பையன் பயந்துபோய் உள்தாழ்ப்பாளைத் திறக்கிறான். மாறுவது: "பையன் நம்புகிறான்" இல்லை. எங்கே போகும்: நேருக்கு நேர் நிற்கும் சந்தி.

கவனித்தீர்களா, இதை எழுதியபோதுதான் ஒரு ஓட்டை தெரிந்தது. வெளியில் பூட்டிய அறையை உள்தாழ்ப்பாளைத் திறந்து எப்படித் திறப்பான்? ஜன்னலையே திறந்து வெளியே குதிக்க வேண்டும். அட்டையில் அடித்து எழுத ஒரு நிமிடம். முழுக் காட்சியும் எழுதிய பிறகு தெரிந்திருந்தால் ஒரு மாலைப்பொழுது போயிருக்கும்.

அட்டைகள் நிலைத்த பிறகு கருவிக்குப் போகலாம். கிறிஸ் கிளிமாஸ் 2009இல் வெளியிட்ட ட்வைன் இலவசம். துண்டுகளைப் பெட்டிகளாகவும் வழிகளை அம்புகளாகவும் காட்டும். 2016இல் திறந்த மூலமாக வந்த இங்க், பெட்டியும் அம்பும் இல்லாமல் எழுத்தாகவே கதையை அமைக்கும் கருவி; பிரிந்து பிரிந்து கூடும் கதைக்கு வசதி. படமும் வசனமுமாகச் சொல்ல ரென்பை இருக்கிறது. ட்வைனை உலாவியிலேயே திறந்து எழுதுகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: கதை அந்த உலாவியின் சேமிப்பில்தான் இருக்கிறது. உலாவியின் தரவை அழித்தால் கதையும் போய்விடும். தினமும் கோப்பாக இறக்கி வையுங்கள்.

தமிழில் எழுதும்போது முன்கூட்டியே யோசிக்க வேண்டியது எது?

நிறைய இருக்கிறது, ஆங்கிலத்தில் எழுதிய வழிகாட்டிகளில் இவை இருக்காது.

முதலில், வாசகரை நீ என்பதா, நீங்கள் என்பதா? எதுவானாலும் முதல் துண்டிலேயே முடிவு செய்து கடைசிவரை மாற்றாதீர்கள். முன்னிலையில் நமக்கு ஒரு வசதி: "திறக்கிறீர்கள்" என்பதில் ஆண், பெண் தெரியாது. ஆனால் மற்றவர்கள் உங்களைப் பற்றிப் பேசும்போது மாட்டிக்கொள்வோம். "வாட்ச்மேன் வந்துட்டான்" என்றால் வாசகர் ஆண் என்று ஆகிவிட்டது. "காவலர் வந்துவிட்டார்" என்றால் தப்பிக்கலாம்.

அதைவிடச் சிக்கல் உறவுமுறைச் சொற்கள். நம் பையன் உங்களை எப்படிக் கூப்பிடுவான்? இயல்பாக அண்ணே என்பான், அல்லது அக்கா என்பான். எதைச் சொன்னாலும் வாசகர் யார், என்ன வயது என்று தீர்மானித்துவிடுகிறான். எதுவும் சொல்லாமல் ஒரு தமிழ்ப் பையன் பெரியவரிடம் கெஞ்சினால் அது செயற்கை. முதல் சந்தியில் நான் எழுதிய அவன் வசனத்தில் விளியே இல்லை. ஒரு வரிக்கு அது தாங்கும், ஒரு காட்சிக்குத் தாங்காது. ஆகவே காவலர் யார் என்று நீங்களே முடிவு செய்து, அவருக்கு ஒரு பெயரும் வயதும் கொடுங்கள். அல்லது தொடக்கத்தில் வாசகரிடமே ஒரு கேள்வி கேட்டு, அண்ணே/அக்கா என்பதை மாறியாக வைத்துக்கொள்ளுங்கள். கண்காணிப்பாளர் "திறக்காதே" என்பாரா, "திறக்காதீங்க" என்பாரா என்பதையும் இப்போதே எழுதி வைத்துவிடுங்கள். அந்த ஒரு விகுதி அவர் எப்படிப்பட்டவர் என்று சொல்லிவிடும்.

அடுத்தது வேற்றுமை உருபு. வாசகர் கையில் எடுத்த பொருளை மாறியில் வைத்து, பின்னால் "ஐ" ஒட்டினால் வேலைக்கு ஆகாது. சாவி சாவியை ஆகும்; பதிவேடு பதிவேட்டை ஆகும்; புத்தகம் புத்தகத்தை ஆகும். பொருளின் பெயரோடு அதன் இரண்டாம் வேற்றுமை வடிவத்தையும் முழுச் சொல்லாகச் சேமியுங்கள். வேறு உருபுகள் வந்தால் அவற்றையும் அப்படியே. வாசகர் தட்டச்சு செய்யும் பெயருக்கு இது முடியாது, ஏனென்றால் அவர் எதைத் தட்டுவார் என்று தெரியாது. அந்தப் பெயரை எழுவாயாகவோ விளியாகவோ மட்டும் பயன்படுத்துங்கள். தவிர்க்க முடியாத இடத்தில் "என்பவரை", "என்பவரிடம்" கைகொடுக்கும்.

தேர்வு வரிகளின் நடையும் ஒன்றாக இருக்கட்டும். "கதவைத் திறக்கிறேன்", "போன் செய்", "ஜன்னல் பக்கம் போகலாமா" என்று மூன்று மாதிரி நின்றால் யார் யாரிடம் பேசுகிறார்கள் என்றே தெரியாது.

எத்தனை முடிவுகள் வேண்டும்?

மூன்று முதல் ஐந்து. ஒவ்வொன்றையும் ஒரே வாக்கியத்தில், மற்றதிலிருந்து வேறுபடுத்திச் சொல்ல முடிய வேண்டும். திடீர் மரண முடிவுகளை நான் விரும்புவதில்லை. வாசகர் யோசித்து எடுத்த முடிவுக்கு "இறந்துவிட்டீர்கள்" என்று ஒரு வரியில் பதில் சொல்வது அவமரியாதை.

திட்டம் போதும், எழுதலாம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அட்டைகளை எடுத்துக்கொண்டு ஒருவர் எதிரில் உட்காருங்கள். நீங்கள்தான் கதை. துண்டை ஒரு வரியில் சொல்லுங்கள், "இப்போ என்ன செய்வீங்க?" என்று கேளுங்கள். வழிகளைச் சொல்லிவிடாதீர்கள், அவரே சொல்லட்டும். நூலகக் கதையில் "யாருப்பா அதுன்னு கதவுக்கு இந்தப் பக்கம் இருந்தே கேட்பேன்" என்று நிச்சயம் ஒருவர் சொல்வார். எவ்வளவு இயல்பான செயல், நம் பட்டியலில் இல்லையே! இரண்டு பேர் அதையே சொன்னால் அட்டை எழுதுங்கள். இப்படி மூன்று பேரோடு ஆடியும் புதிய அட்டை தேவைப்படவில்லை என்றால் எழுதத் தொடங்கலாம்.

அதற்கு முன் ஒருமுறை அம்புகளை மட்டும் விரலால் தொடர்ந்து பாருங்கள். யாரும் வந்து சேராத துண்டு, வெளியேற வழியில்லாத துண்டு, சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வரும் வழி மூன்றும் அகப்படும்.

எந்தத் துண்டை முதலில் எழுதுவது?

சந்திகளை. எல்லா வழிகளையும் வாங்கிக்கொள்ள வேண்டியவை அவைதான். எல்லா வாசகரும் படிக்கப்போவதும் அவற்றைத்தான். உங்களிடம் உள்ள சிறந்த காட்சியைத் தொலைவான கிளையில் ஒளித்து வைக்காமல் இங்கே கொண்டு வாருங்கள். அடுத்து முடிவுகள். பிறகு, நீங்களே வாசகராக இருந்தால் தேர்ந்தெடுக்க மாட்டீர்களே, அந்த வழி. நமக்குப் பிடித்த வழியைக் கடைசியாக எழுதினாலும் உற்சாகம் குறையாது. பிடிக்காத வழியைக் கடைசிக்கு விட்டால் அது நாலு வரியில் முடிந்துவிடும், அந்த வழியில் வந்த வாசகருக்கும் அது தெரிந்துவிடும். எனக்குப் பிடித்தது கதவைத் திறக்கும் வழி. அதனால் நூலகக் கதையில் முதலில் போன் செய்கிறவரின் வழியை எழுதுவேன்: ரிசீவரை வைத்த பிறகு, உள்ளே தட்டும் சத்தம் நின்றுபோன அந்த அமைதியிலிருந்து.